நாற்சிங்கம்: இந்திய அரசுச் சின்னம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்போர்ட் அட்டையில், ரூபாய் நாணயத்தில், நீதிமன்றச் சுவரில், காவல்துறை அதிகாரியின் தோளில் என்று தினமும் கண்ணில் படுவது இந்தச் சிங்க முகங்கள். பள்ளியில் நாலு வரி படித்ததோடு பலருக்கும் இதனுடனான பழக்கம் முடிந்துவிடுகிறது. ஒரு புதுக் குடியரசு தனக்கென்று ஓர் அடையாளத்தைத் தேடியபோது, 2,200 ஆண்டுகளுக்கு மேல் பழைய, உடைந்து மண்ணுக்குள் கிடந்த ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தது. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், யார் வரைந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவை. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சின்னத்தில் சரியாக என்னென்ன இருக்கின்றன?

மேலே மூன்று சிங்கங்கள். அவை நிற்கும் பட்டையின் நடுவில் ஒரு சக்கரம். பார்ப்பவருக்கு வலப்பக்கம் காளை, இடப்பக்கம் குதிரை. பட்டையின் இரண்டு ஓரங்களிலும் இன்னும் இரண்டு சக்கரங்களின் விளிம்பு மட்டும் தெரியும். கீழே தேவநாகரி எழுத்தில் 'சத்யமேவ ஜயதே' (வாய்மையே வெல்லும்). இவ்வளவும் சேர்ந்ததுதான் அரசுச் சின்னம்.

ஒரு ரூபாய் நாணயம் கையில் இருந்தால் இப்போதே ஒருமுறை பாருங்கள். தேய்ந்த காசில்கூட நடுச் சக்கரம் தெரியும். அதன் இரு பக்கமும் சின்னப் புடைப்பாக இருப்பவைதான் அந்தக் குதிரையும் காளையும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் குதிரை பாய்ந்து ஓடுவதும் காளை நிதானமாக நடப்பதும் புரியும். இவ்வளவு சின்ன இடத்துக்குள் அந்த வேறுபாட்டை விடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

நான்கு சிங்கம் என்கிறார்கள், படத்தில் மூன்றுதானே இருக்கின்றன?

மூலச் சிற்பத்தில் நான்கு சிங்கங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நான்கு திசையும் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. முன்னால் நின்று பார்க்கும்போது நான்காவது மறைந்துவிடும். சின்னம் அந்த முன்பக்கத் தோற்றத்தின் வரைபடம்.

மூலச் சிற்பம் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

உத்தரப் பிரதேசத்தில், வாரணாசியிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் இருக்கும் சாரநாத் அருங்காட்சியகத்தில். சிங்கங்கள், அவை நிற்கும் பட்டை, அதற்குக் கீழே கவிழ்ந்த தாமரை எல்லாம் சேர்த்து உயரம் சுமார் 2.1 மீட்டர். கங்கைக் கரையில் உள்ள சுனார் பகுதியின் மணற்கல்லில், ஒரே கல்லாகச் செதுக்கியது. மௌரியர் காலச் சிற்பங்களுக்கே உரிய வழவழப்பு இன்னும் போகவில்லை.

இந்தச் சிற்பம் தனியாக நின்றதில்லை. மௌரியப் பேரரசர் அசோகர் நிறுவிய உயரமான ஒரு தூணின் உச்சியில் இருந்தது. 7-ஆம் நூற்றாண்டில் சாரநாத்துக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், அங்கே சுமார் 70 அடி உயரக் கல்தூண் ஒன்று பளபளவென்று ஒளிவிட்டு நின்றதாக எழுதியிருக்கிறார். இன்று அந்த இடத்தில் தூணின் அடிப்பகுதியும் சில துண்டுகளும் மட்டுமே கூரை போட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. சிங்கத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். எதிரே இருக்கும் தொல்லியல் தளத்துக்குள் போய் இந்த அடித்தூணையும் அவசியம் பாருங்கள். அசோகரின் எழுத்து அதில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகம் இல்லை, அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

அந்தத் தூணில் அசோகர் என்ன எழுதினார்?

அகிம்சை, அன்பு என்று எதிர்பார்த்துப் போனால் வேறொன்று இருக்கும். பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் உள்ள அந்த ஆணை பௌத்த சங்கத்தைப் பிளவுபடுத்துவோருக்கான எச்சரிக்கை. சங்கத்தை உடைக்கும் துறவி ஆணானாலும் பெண்ணானாலும் காவியைக் களைந்து வெள்ளை உடுத்தி, விகாரைக்கு (துறவிகளின் மடத்துக்கு) வெளியே குடியிருக்க வேண்டும் என்கிறது. பிளவைக் கண்டு அவ்வளவு கவலைப்பட்ட ஒரு தூணின் தலை, பிரிவினையின் ரத்தம் காயாத ஆண்டுகளில் இந்தியாவின் சின்னமானது. இந்தச் சின்னத்தின் கதையில் என்னை ஆழமாகத் தொடுவது இந்த இடம்தான்.

சாரநாத்தில் ஏன் இந்தத் தூண்?

ஞானம் பெற்ற புத்தர் தன் முதல் உரையை நிகழ்த்திய மான்வனம் அது. அந்த நிகழ்ச்சியைப் பௌத்தர்கள் 'தர்மச் சக்கரத்தை உருட்டியது' என்பார்கள். அதனால்தான் சிற்பம் முழுக்கச் சக்கரம். அசோகரின் காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு, இந்தத் தூணைச் சுமார் கி.மு. 250 என்று கணிக்கிறார்கள்.

யார் கண்டெடுத்தார்கள்?

எஃப்.ஓ. ஓர்ட்டெல். ஜெர்மனியில் பிறந்து, பிரிட்டிஷ் இந்தியாவின் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். 1904-05 குளிர்காலத்தில் சாரநாத்தில் தோண்ட அனுமதி வாங்கினார். முதலில் தூணின் அடிப்பகுதி அது நட்ட இடத்திலேயே கிடைத்தது. 1905 மார்ச்சில் பக்கத்திலேயே சிங்கத் தலை வெளிப்பட்டது. தூண் பல துண்டாகியிருந்தும் சிங்கங்கள் பெருமளவு முழுமையாகவே கிடைத்தன. கண்டெடுத்தவற்றை வெளியூருக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே வைக்க 1910-இல் அருங்காட்சியகம் எழுந்தது. நல்ல முடிவு.

அதற்கு நூறு ஆண்டுக்கு முன், 1794-இல், காசியைச் சேர்ந்த ஜகத் சிங் என்பவரின் ஆட்கள் கட்டுமானத்துக்குச் செங்கல் வேண்டும் என்று அங்கிருந்த ஸ்தூபி ஒன்றையே பிரித்து எடுத்துப் போனார்கள். சிங்கங்கள் மண்ணுக்குள் இருந்ததால் தப்பின.

நான்கு விலங்குகளுக்கு என்ன பொருள்?

பட்டையைச் சுற்றி யானை, காளை, குதிரை, சிங்கம் என நான்கு விலங்குகள். ஒவ்வொன்றுக்கும் இடையே 24 ஆரங்கள் கொண்ட சக்கரம். புத்தரின் வாழ்க்கையோடு இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் விளக்கம் புகழ்பெற்றது: தாய் மாயாதேவி கனவில் கண்ட வெள்ளை யானை, பிறந்த ராசியான ரிஷபம், அரண்மனையை விட்டு வெளியேறிய குதிரை கந்தகன், சாக்கிய குலத்தின் சிங்கம். நான்கு திசைகளைக் குறிப்பவை என்போரும் உண்டு. அறிஞர்கள் இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை. இணையத்தில் யாராவது இதுதான் பொருள் என்று அடித்துச் சொன்னால் கொஞ்சம் பொறுத்தே நம்புங்கள்.

புதிதாக விடுதலை பெற்ற நாடு ஏன் பௌத்தச் சிற்பத்தைத் தேர்ந்தெடுத்தது?

சின்னத்துக்கு முன்னால் கொடியைப் பார்க்க வேண்டும். 1947 ஜூலை 22-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை தேசியக் கொடியை ஏற்றுக்கொண்டது. காங்கிரஸ் கொடியில் இருந்த ராட்டைக்குப் பதிலாக சாரநாத் சக்கரம் வந்தது அப்போதுதான். ராட்டையின் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர். கொடியைத் திருப்பிப் பார்த்தால் இடம் மாறிவிடும். சக்கரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று நேரு நடைமுறைக் காரணத்தையும் சொன்னார். கூடவே, அசோகரின் பெயரோடு இந்தக் கொடி இணைவதில் தனக்குள்ள மகிழ்ச்சியையும் சபையில் சொன்னார்.

கொடியில் சக்கரம் வந்த பிறகு, அதே கல்லில் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சிங்கங்கள் சின்னமாவது இயல்பான அடுத்த படி. இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அதுவரை அரசு முத்திரை என்றால் பிரிட்டிஷ் மகுடமும், 'இந்திய நட்சத்திரம்' என்ற பிரிட்டிஷ் ஆட்சிக் கால அடையாளமும்தான். அந்த இடத்தில் ஒரு தெய்வ உருவத்தை வைத்தால் இன்னொரு சமயத்தார் மனம் வருந்தும். ஒரு வட்டார அரசரின் கொடியை வைத்தால் மற்ற வட்டாரம் ஏற்காது. அசோகரோ ஏறக்குறைய துணைக்கண்டம் முழுக்கக் கல்வெட்டு விட்டுச் சென்றவர். அவருடைய வம்சம் என்று உரிமை கோர யாரும் இல்லை. பேரரசராக இருந்தும், கலிங்கப் போரில் தான் செய்த அழிவுக்காக வருந்துவதைக் கல்லிலேயே வெட்டிவைத்தவர். இதைவிடப் பொருத்தமான தேர்வு அன்றைக்கு இருந்திருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

1947-ஆ, 1950-ஆ? எந்த ஆண்டு சரி?

இரண்டும். 1947 டிசம்பரில், இந்தியா இன்னும் டொமினியனாக (பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடாக) இருந்தபோதே, சிங்கத் தலை சின்னமாக ஏற்கப்பட்டது. இன்றைய வடிவில், வாசகத்தோடு, குடியரசின் சின்னமானது 1950 ஜனவரி 26. தேர்வில் கேட்டால் இரண்டாவதை எழுதுங்கள்.

வரைந்தவர் யார்? ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்களே?

இரண்டு கதைகள் கலந்துபோனதால் வந்த குழப்பம் இது. பிரித்துப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

முதலாவது, தியாப்ஜி தம்பதியின் கதை. பத்ருதீன் தியாப்ஜி ஐ.சி.எஸ். (பிரிட்டிஷ் காலத்து இந்தியக் குடிமைப் பணி) அதிகாரி. 1947-இல் புதிய நாட்டுக்குச் சின்னம் வேண்டும் என்று தேடியபோது, சாரநாத் சிங்கத்தை முன்மொழிந்தது அவரும் அவர் மனைவி சுரையாவும்தான் என்றும், முதல் வரைபடத்தைச் செய்தவர் சுரையா என்றும் அவர்கள் மகள், கைவினைக் கலைத் துறையில் பெயர்பெற்ற லைலா தியாப்ஜி எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்துப் பிரதி. அதன் வரிகளை எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. பக்கங்களை ஓவியத்தால் அழகுபடுத்தும் பொறுப்பு சாந்திநிகேதனில் இருந்த நந்தலால் போஸுக்கும் அவருடைய மாணவர்களுக்கும். சிங்கத் தலையை வரையும் வேலை தீனாநாத் பார்கவா என்ற இளம் மாணவருக்குப் போனது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். உயிருள்ள சிங்கத்தைப் பார்த்துப் பழகாமல் வரையக் கூடாது என்று நந்தலால் சொல்ல, பார்கவா கல்கத்தா விலங்குக் காட்சிசாலைக்குத் திரும்பத் திரும்பப் போய் சிங்கங்களைக் கவனித்து வரைந்தார் என்று அவர் குடும்பத்தார் சொல்கிறார்கள். 2016-இல் இந்தூரில் காலமானார்.

எனவே 'சின்னத்தை வடிவமைத்தவர்' என்று ஒரே பெயரை மட்டும் போட்டுப் பட்டம் கட்டுவது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். சுரையாவின் பெயர் பாடப்புத்தகங்களில் வராமல் போனது எனக்கு வருத்தம். மூலத்தைச் செதுக்கிய சிற்பிகளின் பெயரோ கல்லில் எங்குமே இல்லை.

மூலத்தில் இருந்து சின்னத்தில் விட்டுப்போனவை என்ன?

மூன்று. பட்டைக்குக் கீழே மணிபோலக் கவிழ்ந்த தாமரையை வரைபடத்தில் எடுத்துவிட்டார்கள். தாமரை இருந்தால் உருவம் நீண்டு ஒல்லியாகும்; முத்திரைக்கும் நாணயத்துக்கும் கட்டுக்கோப்பான உருவமே தோது. யானையும் பட்டையில் உள்ள சிறிய சிங்கமும் பின்பக்கம் இருப்பதால் கண்ணில் படாது. மூன்றாவதுதான் பெரியது. நான்கு சிங்கங்களின் தலைக்கு மேல் முன்பு ஒரு பெரிய தர்மச் சக்கரம் இருந்தது. அது நொறுங்கிப்போய், துண்டுகள் மட்டுமே தோண்டும்போது கிடைத்தன. அந்தத் துண்டுகளைக் கொண்டு அதற்கு 32 ஆரங்கள் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த மூன்றாவதைச் சிறிது நேரம் யோசித்துப் பாருங்கள். அசோகரின் சிற்பிகள் செதுக்கியபோது சிங்கங்கள் சக்கரத்தைத் தாங்கும் ஊழியர்கள். உச்சியில் இருந்தது தர்மம். இன்றைய சின்னத்தில் உச்சி சிங்கங்களுடையது; சக்கரம் அவற்றின் காலடிப் பட்டையில்.

'சத்யமேவ ஜயதே' சிற்பத்திலேயே இருந்ததா?

இல்லை. சிற்பம் பௌத்தம், வாசகம் முண்டக உபநிடதத்தில் இருந்து. இரண்டையும் இணைத்தது இருபதாம் நூற்றாண்டு. விடுதலைப் போராட்டக் காலத்தில் மதன் மோகன் மாளவியா இந்த வாசகத்தைப் பரவலாக்கினார்.

வாசகம் இல்லாமல் சிங்கத்தை மட்டும் அச்சடிப்பது முழுமையற்ற சின்னம். அரசு அலுவலகங்களே இந்தத் தவறைச் செய்வதால், வாசகத்தை விடாதீர்கள் என்று மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு நினைவூட்டியிருக்கிறது.

பணத்தில் எப்போது வந்தது?

1949-இல் வந்த புதிய ஒரு ரூபாய் நோட்டில். மன்னர் ஆறாம் ஜார்ஜின் படத்தை எடுத்துவிட்டு யாரைப் போடுவது என்ற பேச்சு வந்தபோது முதலில் காந்தியின் உருவத்தோடுதான் மாதிரிகள் தயாராயின. கடைசியில் சிங்கத் தலைக்கே எல்லோரும் உடன்பட்டார்கள். குடியரசின் முதல் நாணய வரிசை 1950 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. அணா, பைசா காலத்துக் காசுகள். மன்னர் தலை இருந்த பக்கத்தில் சிங்கங்கள் ஏறின.

தமிழ்நாடு அரசின் கோபுரச் சின்னத்திலும் இந்தச் சிங்கம் இருக்கிறதே?

ஆமாம். கோபுரத்துக்கு முன்னால், இருபுறமும் தேசியக் கொடி சூழ நிற்பது இதே சாரநாத் சிங்கம்தான். சுற்றி 'தமிழ்நாடு அரசு', 'வாய்மையே வெல்லும்' என்று தமிழில் எழுதியிருக்கும். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சிக் காலத்தில், 1949-ஐ ஒட்டி உருவானது.

கோபுரம் எந்த ஊர் என்பதில்தான் வழக்கு. திருவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ், தான் பார்த்து வரைந்தது மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேலைக் கோபுரம் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு ஊர்க்காரர்களும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வரைந்தவர் வாக்குக்குத்தான் நான் கூடுதல் எடை தருவேன்.

மாநிலங்கள் தங்கள் சின்னத்தில் சிங்கத்தைச் சேர்த்துக்கொள்ள மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்பது இன்றைய விதி.

என் கார் கண்ணாடியிலோ விசிட்டிங் கார்டிலோ போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. 2005-இல் நிறைவேறிய சட்டமும் 2007-இல் வந்த விதிகளும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. அரசோடு தொடர்பு இருப்பது போன்ற தோற்றம் தரும்படி தனியார் யாரும் பயன்படுத்தக் கூடாது. வணிகப் பெயராகவோ வணிகக் குறியாகவோ வைக்கவும் தடை. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டம் வகுத்தது. 1950-லேயே சின்னங்கள், பெயர்களின் தவறான பயன்பாட்டைத் தடுக்கும் பொதுச் சட்டம் ஒன்று வந்தது. அரசுச் சின்னத்துக்கென்றே தனிச் சட்டம் வர 55 ஆண்டுகள் ஆயின.

பலருக்குத் தெரியாத செய்தி: முன்னாள் அமைச்சர், முன்னாள் எம்.பி., எம்.எல்.ஏ., ஓய்வுபெற்ற நீதிபதி, ஓய்வுபெற்ற அதிகாரி யாரும் அந்தத் தகுதியை வைத்து லெட்டர்பேடில் சிங்கத்தைத் தொடர முடியாது. பதவி போனதும் சின்னமும் போயிற்று. சின்னம் ஆளுக்குரியதல்ல, அரசுக்குரியது. இந்த விதி எனக்குப் பிடித்தது.

புதிய நாடாளுமன்றக் கட்டடத்துச் சிங்கங்கள் ஏன் சர்ச்சையாயின?

2022 ஜூலை 11 அன்று கட்டடத்தின் உச்சியில் வெண்கலச் சிங்கங்களைப் பிரதமர் திறந்துவைத்தார். உயரம் 6.5 மீட்டர், எடை 9,500 கிலோ. செய்த சிற்பிகள் சுனில் தேவ்ரே, லக்ஷ்மண் வியாஸ். படங்கள் வெளியானதும், சாரநாத் சிங்கங்களின் அமைதி இவற்றில் இல்லை, வாய் பிளந்து சீறுகின்றன என்று எதிர்ப்பு எழுந்தது. அளவு பல மடங்கானதாலும் கீழிருந்து படம் எடுத்ததாலும் அப்படித் தெரிகிறது, உருவம் மாறவில்லை என்பது சிற்பிகளின், அரசின் பதில். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. எப்படித் தோன்றுகிறது என்பது பார்ப்பவர் மனத்தைப் பொறுத்தது என்று சொல்லி 2022 செப்டம்பரில் நீதிபதிகள் தள்ளுபடி செய்தார்கள்.

கோணம் தோற்றத்தை மாற்றும் என்பது உண்மைதான். ஆனாலும் மூலத்தின் முகத்தை நேரில் பார்த்தவர்களுக்கு, அங்கே வாய் திறந்திருந்தும் ஒரு நிதானம் இருப்பது தெரியும். பிடரி மயிர்கூட வரிசை வரிசையாக, ஒழுங்காகச் சுருண்டிருக்கும். அந்த நிதானம் புதியதில் குறைவு என்றே எனக்குப் படுகிறது.

சில இடங்களில் சின்னம் நுணுக்கமாகவும் சில இடங்களில் எளிமையாகவும் இருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரி. சட்டத்தின் பின்னிணைப்பிலேயே இரண்டு வடிவங்கள் உண்டு. ரப்பர் ஸ்டாம்பு, கடிதத்தாள், முத்திரை போன்ற சிறிய அளவுக்குக் கோடு குறைந்த வடிவம். பெரிய அளவுக்கு நுணுக்கம் கூடிய வடிவம்.

பள்ளியில் சின்னத்தை வரைந்து வரச் சொன்னார்கள். பிள்ளை எதில் தவறும்?

பெரும்பாலும் குதிரையையும் காளையையும் இடம் மாற்றிப் போடுவார்கள். இடது குதிரை, வலது காளை என்று முதலிலேயே பென்சிலில் குறித்துவையுங்கள். நடுச் சக்கரத்துக்கு 24 ஆரம். முதலில் எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் மூன்றாக்கினால் சுலபம். ஓரத்துச் சக்கரங்களை முழுசாக வரைந்துவிடக் கூடாது, விளிம்பு போதும். கீழே தாமரை வேண்டாம். அப்புறம், எழுதக் கொஞ்சம் சிரமமாக இருந்தாலும் வாசகத்தைத் தேவநாகரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.